மாநில அரசின் கார்பன் குறைப்புத் திட்டங்களைக் காரைக்குடியில் இருந்தபடியே கண்காணிப்பது எப்படி?

பசுமை இல்ல வாயுக்களைக் குறைக்கத் தமிழ்நாடு அரசு என்னென்ன சொல்லியிருக்கிறது, அதில் எது நடக்கிறது, எது காகிதத்தோடு நிற்கிறது என்று தெரிந்துகொள்ளச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. செட்டிநாட்டில் எந்த ஊரில் இருந்தாலும் ஒரு கைபேசி, ஒரு நோட்டு, தகவல் உரிமை மனுவில் ஒட்டக் கொஞ்சம் நீதிமன்றக் கட்டண வில்லை இருந்தால் போதும். எந்த வாசலைத் தட்டுவது என்று தெரியாவிட்டால்தான் பொறுமை போய்விடும். எங்கள் வட்டாரத்தில் சில பேர் சேர்ந்து இதில் இறங்கியபோது "இது மெட்ராஸ் ஃபைல் தம்பி, இங்க வந்து கேட்டா எப்படி?" என்ற பதிலைத்தான் மேசைக்கு மேசை வாங்கினோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

தொடங்கும் முன் ஒரு கட்டுப்பாடு. மேடையில் சொன்னது, நாளிதழில் வந்தது எதையும் அரசாணை எண் கிடைக்கும்வரை "நடந்தது" என்று நோட்டில் ஏற்றாதீர்கள். எண், தொகை, தேதி இந்த மூன்றும் கையில் இருந்தால்தான் நாளைக்கு ஓர் அதிகாரியிடம் கேள்வி கேட்க முடியும். கீழே வருவதெல்லாம் இந்த மூன்றையும் கண்டுபிடிக்கிற வழிதான்.

1. முதலில் ஒரு துறையை மட்டும் எடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்கிறேன் என்று கிளம்பியவர்கள் யாரும் இரண்டு மாதம் தாண்டியதில்லை. மின்சாரம், போக்குவரத்து, வேளாண்மை, குப்பை, காடு ஆகிய ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், மின்சாரம் என்பேன். இந்தியா ஐ.நா.வுக்கு 2024 டிசம்பரில் அளித்த அறிக்கைப்படி, 2020-ல் நாட்டின் மொத்த உமிழ்வில் சுமார் 76 சதவீதம் ஆற்றல் துறையில் இருந்து வந்தது. அதில் பெரும்பங்கு மின் உற்பத்தி. வேளாண்மை 14 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு; குப்பையும் கழிவுநீரும் சேர்ந்து 3 சதவீதத்துக்கும் கீழே.

நமக்கு எது கண்ணில் படுகிறதோ அதை எடுப்பதும் தப்பில்லை. குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு 3 சதவீதம் என்ற கணக்கு ஒரு பொருட்டே இல்லை.

இங்கேயே ஒரு பொறி உண்டு. "காலநிலை" என்று தலைப்பிட்ட எல்லாமே உமிழ்வுக் குறைப்பு ஆகாது. கண்மாய் தூர்வாருவது, கடற்கரையில் அலையாத்தி நடுவது, வெப்ப அலைக்குத் தயாராவது எல்லாம் வரப்போகும் பாதிப்பைத் தாங்கிக்கொள்வதற்கான வேலைகள். நல்ல வேலைகள்தான். ஆனால் புகையைக் குறைக்கும் கணக்கில் அவற்றைச் சேர்த்தால் பட்டியல் பெரிதாகும், உண்மை சிறிதாகும். நோட்டில் "தணிப்பு" (உமிழ்வைக் குறைப்பது), "தகவமைப்பு" (பாதிப்பைத் தாங்குவது) என்று இரண்டு பக்கங்களாகப் பிரித்துவிடுங்கள்.

2. உங்கள் ஊர் எந்த அலுவலகத்துக்குக் கீழ் வருகிறது?

செட்டிநாடு என்று ஒரு மாவட்டம் கிடையாது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். ராமச்சந்திரபுரம், ராயவரம், அரிமளம் பக்கம் போனால் புதுக்கோட்டை மாவட்டம். சாப்பாடு, வீடு, பேச்சு எல்லாம் ஒன்றுதான், கலெக்டர் வேறு. மனுவை மாற்றிப் போட்டால் அது அங்கிருந்து இங்கு வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

காலநிலை விஷயத்தில் மாவட்டத்தில் இருவர் முக்கியம். தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின் அமைப்பில் மாவட்ட ஆட்சியர்தான் மாவட்ட இயக்குநர். மாவட்ட வன அலுவலர்தான் காலநிலை அலுவலர். வன அலுவலகத்தில் போய்க் கரியமில வாயு பற்றிக் கேட்பது முதலில் விநோதமாகத் தோன்றும். கேளுங்கள், அவர்கள் பொறுப்புதான்.

போக்குவரத்தில் இன்னொரு குழப்பம். மதுரை பக்கத்து ஊர் என்பதால் அரசுப் பேருந்துக்கும் தலைமையகம் மதுரைதான் என்று நினைப்போம். காரைக்குடி மண்டலம் கும்பகோணம் போக்குவரத்துக் கழகத்துக்குக் கீழ் வருகிறது. மின்சாரப் பேருந்து நம்மூருக்கு எப்போது என்று கேட்கும் கடிதம் கும்பகோணத்துக்குப் போக வேண்டும்.

3. கொள்கை விளக்கக் குறிப்பைப் பிடியுங்கள்

இதைவிடப் பயனுள்ள ஆவணம் வேறில்லை. இலவசம், தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும், அரசே எழுதியது. சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையும் (தன் செலவுக்கான பணத்தைத் துறை சட்டமன்றத்திடம் கேட்பது) விவாதத்துக்கு வரும்போது அந்தத் துறை அமைச்சர் வைக்கும் புத்தகம் இது. போன ஆண்டு என்ன செய்தோம், எவ்வளவு செலவு, இந்த ஆண்டு என்ன செய்யப் போகிறோம் என்பது அதில் இருக்கும். தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் துறைவாரியாகக் கிடைக்கும்.

தேடுவதற்கு மானியக் கோரிக்கை எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எரிசக்தித் துறை 14, சுற்றுச்சூழல் மற்றும் காலநிலை மாற்றம் 15, வனம் 54, போக்குவரத்து 48, வேளாண்மை 5. காலநிலைக்கு 15-ஆம் எண்ணை மட்டும் படித்துவிட்டு மூடிவைத்தால் முக்கால்வாசி விட்டுப்போகும். நிலக்கரியும் காற்றாலையும் 14-ல் இருக்கின்றன. டீசல் பேருந்து 48-ல்.

படிக்கும் முறை ஒன்று சொல்கிறேன். முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். முன்பாதியில் திருக்குறளும் துறை வரலாறும் இருக்கும். கடைசிப் பகுதிக்குப் போய்ப் புதிய அறிவிப்புகளைப் பாருங்கள். பிறகு போன ஆண்டின் புத்தகத்தைத் திறந்து அதே பகுதியைப் பாருங்கள். அங்கே அறிவித்த ஒவ்வொன்றும் இந்த ஆண்டுப் புத்தகத்தில் எங்காவது வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் எந்த வினைச்சொல்லோடு வருகிறது என்று கவனியுங்கள். "முடிக்கப்பட்டது", "ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டுள்ளது", "விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கப்பட்டு வருகிறது", "பரிசீலனையில் உள்ளது" இவை நான்கும் நான்கு நிலை. எதுவுமே இல்லாமல் காணாமல் போனதும் ஒரு நிலைதான். அதைத் தனியாக வட்டமிடுங்கள். உங்கள் முதல் தகவல் உரிமை மனு அதிலிருந்துதான் பிறக்கும்.

தமிழ்ப் பிடிஎப் கோப்புகளில் ஒரு தொல்லை. பழைய ஆண்டுப் புத்தகங்கள் பல யூனிகோடு இல்லாத எழுத்துருவில் இருக்கும். "சூரிய" என்று தேடினால் ஒன்றும் வராது. நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கலாக வரும். ஆங்கிலப் புத்தகத்தில் தேடிப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அதே தலைப்பைத் தமிழ்ப் புத்தகத்தில் திறந்து படியுங்கள். தமிழ்ப் பதிப்பில் இருக்கும் சொற்களைத்தான் மனுவில் அப்படியே எழுத வேண்டும் என்பதால் இரண்டும் தேவை.

இறக்கியதும் கோப்பின் பெயரில் துறை, ஆண்டு, இறக்கிய தேதி மூன்றையும் எழுதிச் சேமியுங்கள். அரசு இணையதளங்கள் புதுப்பிக்கப்படும்போது பழைய சுட்டிகள் செத்துப்போகும்.

4. பெயர் மாறியதைத் தெரிந்துகொண்டு தேடுங்கள்

சின்ன விஷயம், ஆனால் நிறைய நேரம் தின்னும். சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறையின் பெயரில் "காலநிலை மாற்றம்" என்பது 2021-ல்தான் சேர்ந்தது. டான்ஜெட்கோ என்ற மாநில மின்சாரக் கழகம் 2024-ல் பிரிக்கப்பட்டு, மின் உற்பத்திக்கு ஒரு கழகம், பகிர்மானத்துக்கு ஒரு கழகம், பசுமை எரிசக்திக்கு ஒரு கழகம் என்று ஆகிவிட்டது. டெடா என்று நாம் அறிந்த எரிசக்தி மேம்பாட்டு முகமை அந்தப் பசுமை எரிசக்திக் கழகத்தில் கலந்துவிட்டது. காரைக்குடியும் 2024-ல் நகராட்சியிலிருந்து மாநகராட்சி ஆனது. ஆகவே எதைத் தேடினாலும் பழைய பெயரில் ஒருமுறை, புதிய பெயரில் ஒருமுறை தேடுங்கள். மனுவில் புதிய பெயரை எழுதி, "முந்தைய பெயர் இன்னது" என்று அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள். "அப்படி ஓர் அலுவலகம் இல்லை" என்று திருப்பி அனுப்ப இடம் கொடுக்கக் கூடாது.

5. அரசாணை எண் கண்டுபிடிப்பது

அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழும் என்பதற்குக் காலநிலை மாற்ற இயக்கமே சாட்சி. 2021 ஆகஸ்டு பட்ஜெட்டில் அறிவித்தார்கள். முதலமைச்சர் முறைப்படி தொடங்கிவைத்தது 2022 டிசம்பரில். ஆகவே அறிவித்த மூன்றாம் மாதமே "ஒன்றும் நடக்கவில்லை" என்று சத்தம் போட்டால் நம் மரியாதைதான் போகும். ஓர் ஆண்டு கழித்தும் எண் இல்லையென்றால் தாராளமாகக் கேட்கலாம்.

அரசாணையின் தலைப்பில் எண்ணுக்கு முன் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் இருக்கும். "(நிலை)" என்று இருந்தால் பெரும்பாலும் கொள்கை முடிவோ பெரிய நிதி ஒப்புதலோ. நமக்கு வேண்டியது அதுதான். அரசாணையைக் கையில் எடுத்ததும் நேராக ஆணைப் பகுதிக்குப் போங்கள். மேலே "படிக்கப்பட்டவை" என்று முந்தைய ஆணைகளின் எண்களும் கடிதங்களின் தேதிகளும் வரிசையாக இருக்கும். அந்த வரிசை பொன். ஓர் ஆணையைப் பிடித்தால் அதன் தாத்தா வரைக்கும் பிடித்துவிடலாம்.

எல்லா அரசாணைகளும் இணையத்தில் ஏறுவதில்லை. கொள்கை விளக்கக் குறிப்பிலேயே சில இடங்களில் எண்ணும் தேதியும் இருக்கும். இல்லாததை மனு போட்டு வாங்க வேண்டியதுதான்.

கடைசித் தேதியைப் பார்க்க மறக்காதீர்கள். பல கொள்கைகளுக்கு ஆயுள் உண்டு. 2023 மின்வாகனக் கொள்கையில் மின்வாகனங்களுக்கான சாலை வரி விலக்கு 2025 டிசம்பர் 31 வரை என்று இருந்தது. இப்படிப்பட்ட தேதிகளைக் கைபேசி நாட்காட்டியில் ஏற்றி, அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு மாதம் பின்பும் நீட்டிப்பு ஆணை வந்ததா என்று பாருங்கள். வண்டி வாங்கப் போகிற பக்கத்து வீட்டுக்காரருக்கும் உபயோகப்படும்.

6. நோட்டில் என்ன எழுதுவது?

ஒரு திட்டத்துக்கு ஒரு பக்கம். அறிவித்த நாள், அரசாணை எண், தொகை, பொறுப்பு அலுவலர் பதவி, இலக்கும் அதன் கடைசித் தேதியும், கடைசியாகப் பார்த்த நிலை. பெயர் வேண்டாம், பதவி போதும். ஆள் மாறிக்கொண்டே இருப்பார். கணினியில் எக்செல் தெரிந்தால் அதில் செய்யுங்கள், தெரியாவிட்டால் நாற்பது பக்க நோட்டு போதும்.

7. எண்களைச் சரிபார்ப்பது

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. அரசு சொல்லும் எண் பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஆனால் நாம் கேட்ட கேள்விக்கான எண்ணாகவும் இருக்காது.

மெகாவாட்டும் யூனிட்டும் வேறு. நிறுவுதிறன் என்பது மெகாவாட். உண்மையில் உற்பத்தியானது யூனிட். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். வெயில் இல்லாத நேரத்திலும் ஓடும் அனல்மின் நிலையத்தின் ஒரு மெகாவாட்டும் சூரிய மின்சாரத்தின் ஒரு மெகாவாட்டும் சமமில்லை. "இத்தனை ஆயிரம் மெகாவாட் பசுமை" என்று படித்தால், அந்த ஆண்டு எத்தனை கோடி யூனிட் வந்தது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

மொத்தத்துக்குள் பங்கு ஒளிந்திருக்கும். 2019 சூரிய ஆற்றல் கொள்கை 2023-க்குள் 9,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. அதில் 40 சதவீதம், அதாவது 3,600 மெகாவாட், வீடுகளும் கடைகளும் ஆலைகளும் தங்கள் இடத்திலேயே அமைப்பது. மாநிலத்தின் மொத்தச் சூரிய நிறுவுதிறன் அந்தத் தேதிக்குப் பிறகுதான் 9,000-ஐத் தாண்டியது. கூரைமேல் அமைத்தது அப்போதும் 3,600-க்கு வெகுதூரத்தில் நின்றது. "இலக்கைத் தாண்டிவிட்டோம்" என்று யாராவது சொன்னால் எந்த இலக்கு, எந்தத் தேதி, எந்தப் பங்கு என்று பாருங்கள். மாநிலவாரி நிறுவுதிறனை மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் மாதாமாதம் வெளியிடுகிறது. கூரைமேல் அமைப்புக்குத் தனிப் பத்தியே உண்டு.

மத்திய அரசுத் திட்டத்தை மாநிலக் கணக்கில் எழுதாதீர்கள். கூரைச் சூரியத் தகடுக்கு 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று வரும் மானியம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தினுடையது. மாநிலத்தின் கையில் இருப்பது இணைப்பு கொடுக்கும் வேகமும் மீட்டர் விதியும்.

நிறுவுதிறனை உமிழ்வாக மாற்றிப் பார்க்க ஒரு எளிய வழி. நாட்டின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. 3 கிலோவாட் தகடு, நாளைக்கு 12 யூனிட், ஆண்டுக்கு 4,400 யூனிட் சுமார். ஆக ஆண்டுக்கு ஏறக்குறைய 3 டன் தவிர்க்கப்படுகிறது. கானாடுகாத்தான் பக்கம் ஓட்டுக்கூரை வீடுகளில் இது அவ்வளவு எளிதில்லை. தட்டையான மாடித்தளம் இருக்கும் பகுதியில்தான் தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் நிற்கும் என்பது வேறு கதை.

கூடுகிற பக்கத்தையும் எழுதுங்கள். குறைப்புத் திட்டங்களை மட்டும் பட்டியல் போட்டால் நோட்டு அரசு விளம்பரம் ஆகிவிடும். வடசென்னை மூன்றாம் நிலையில் 800 மெகாவாட் அனல்மின் அலகு 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. உடன்குடியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு. கொள்கை விளக்கக் குறிப்பின் அதே 14-ஆம் புத்தகத்தில்தான் இவையும் இருக்கின்றன, சில பக்கம் தள்ளி.

மரத்தின் கணக்கு தனி. 2020-ல் நாட்டின் உமிழ்வு 295.9 கோடி டன்; காடும் நிலமும் உறிஞ்சியதைக் கழித்தால் 243.7 கோடி டன். இரண்டும் சரியான எண்தான். ஒருவர் முதலாவதையும் மற்றவர் இரண்டாவதையும் வைத்துச் சண்டை போட்டுக்கொள்வார்கள். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் காடு மற்றும் மரப்பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதத்துக்குக் கொண்டுபோவதாகச் சொல்கிறது. அதில் நட்ட கன்று எண்ணிக்கையை விட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டில் உயிரோடு இருப்பது எத்தனை என்று கேளுங்கள். நம் பக்கத்துச் செம்மண் காட்டில் கோடையைத் தாண்டும் கன்று எது என்று ஊர்க்காரருக்குத் தெரியும். தைலமரத் தோட்டமும் மரப்பரப்பில்தான் சேரும். வெட்டுகிற ஆண்டில் என்ன ஆகிறது என்பதையும் கேட்கலாம்.

வேளாண்மையை எடுத்தவர்களுக்கு ஒன்று. நெல்வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மீத்தேன் வரும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். ஆனால் தேங்கும் நாள் குறைந்தால் மீத்தேனும் குறையும். சிவகங்கைப் பக்கம் புழுதியில் விதைத்து, மழையும் கண்மாயும் கொடுக்கும் தண்ணீரில் விளையும் நெல்லையும் தஞ்சாவூர் நெல்லையும் ஒரே சராசரியில் போட்டால் நம்மூர் விவசாயி செய்யாத குற்றத்துக்குக் கையெழுத்துப் போடுவார். எந்த எண்ணைப் பார்த்தாலும் பாசன வகை பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

8. பணம் போனதா என்று பட்ஜெட்டில் பார்ப்பது

பட்ஜெட் புத்தகங்களில் ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று விதமான எண்கள் இருக்கும். வரவுசெலவுத் திட்ட மதிப்பீடு என்பது ஆசை. திருத்திய மதிப்பீடு என்பது பாதி ஆண்டு போனபின் வந்த தெளிவு. கணக்கு என்பது உண்மையில் செலவானது. செலவான கணக்கு இரண்டு ஆண்டு பின்தங்கித்தான் வரும். ஆகவே இந்த ஆண்டு அறிவித்த தொகைக்குத் தீர்ப்புச் சொல்ல இரண்டு பட்ஜெட் காத்திருக்க வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

9. மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தை விட்டுவிடாதீர்கள்

கொள்கையில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் கூரையில் விளையும் மின்சாரத்துக்கு என்ன விலை, மீட்டர் எப்படி, கட்டணம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு. பகிர்மானக் கழகம் எவ்வளவு சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்கியே தீர வேண்டும் என்பதற்கும் ஆணையத்தின் விதிமுறை உண்டு. வரைவு விதிமுறைகளை ஆணையம் தன் தளத்தில் போட்டு, கருத்துச் சொல்லத் தேதி கொடுக்கும். யாரும் எழுதலாம், கட்டணம் இல்லை. 2022 கட்டண உயர்வுக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் மதுரையிலும் நடந்தது. வாரம் ஒருமுறை அந்தத் தளத்தை எட்டிப் பாருங்கள்; கருத்துச் சொல்லும் காலம் சில வாரங்கள்தான்.

10. தகவல் உரிமை மனு

இணையத்தில் கிடைக்காத எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். கோர்ட்டுப் பக்கம் முத்திரைத்தாள் விற்பவரிடம் கிடைக்கும். ஒரே தடவையில் பத்துப் பதினைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மனுவுக்கும் அலைய வேண்டாம். மாநில அரசின் இணையவழித் தகவல் உரிமைத் தளத்திலும் விண்ணப்பிக்கலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. சான்று இணைக்க வேண்டும்.

கேள்வி எழுதும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் செய்யவில்லை?", "எப்போது செய்வீர்கள்?" என்று கேட்டால் "தங்கள் கேள்வி தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் பதில் வரும். சட்டம் கொடுப்பது பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் தகவலை. ஆகவே நகல் கேளுங்கள். இப்படி:

"தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின்கீழ் சிவகங்கை மாவட்டத்தில் 1.4.2023 முதல் இன்றுவரை நடைபெற்ற கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளின் நகல் வழங்கவும். மேற்படி இயக்கத்துக்காக மாவட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை, செலவிடப்பட்ட தொகை ஆகியவற்றை நிதியாண்டு வாரியாக வழங்கவும். மாவட்டத்துக்குக் கார்பன் குறைப்புத் திட்டம் தயாரிக்க அரசிடமிருந்து வரப்பெற்ற கடிதங்கள், அரசாணைகளின் நகல் வழங்கவும்."

மூன்று கேள்வி, ஒரே பொருள், ஒரு பக்கம். இதற்குமேல் போனால் பதிலும் பிசகும். கோயம்புத்தூர், நீலகிரி, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களுக்குக் கார்பன் குறைப்புத் திட்டங்கள் வந்திருக்கின்றன. பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தின் அறிக்கையைப் படித்துவிட்டு நம் மாவட்டத்துக்குக் கேள்வி எழுதினால், எந்தத் தலைப்பில் கேட்பது என்று குழம்ப வேண்டியிருக்காது.

மனுவைப் பொது தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், அதிகாரியின் பெயருக்கு வேண்டாம். வில்லை ஒட்டியபின் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு அஞ்சல் 2025-ல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால் விரைவு அஞ்சலில்தான் அனுப்ப வேண்டும். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். நேரில் கொடுப்பதானால் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். ஓர் அலுவலகத்தில் "வச்சிட்டுப் போங்க, பாத்துக்கிறோம்" என்றார்கள். வைத்துவிட்டு வந்திருந்தால் 30 நாள் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று எங்களால் நிரூபிக்க முடிந்திருக்காது.

காலக்கெடு இப்படிப் போகும். பதிலுக்கு 30 நாள். தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தால் 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றிவிட வேண்டியது அவர்கள் பொறுப்பு. பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. அதற்கு 30 நாள், காரணம் எழுதினால் 45 நாள். அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. மேல்முறையீடுகளுக்குக் கட்டணம் இல்லை. ஆணையத்துக்குப் போனால் மாதக்கணக்கில் ஆகும் என்று நினைத்துக்கொண்டே போங்கள். என் கணிப்பில், பெரும்பாலான தகவல் முதல் மேல்முறையீட்டிலேயே வந்துவிடுகிறது. மேல்முறையீட்டு மனு மேசைக்கு வந்ததும் கோப்பு தானாகக் கிடைத்துவிடும்.

நகல் கட்டணம் ஆயிரக்கணக்கில் வரும் என்று எழுதினால் பயப்பட வேண்டாம். கோப்பை நேரில் பார்வையிட உங்களுக்கு உரிமை உண்டு; முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை. காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்குப் பேருந்தில் போய், கோப்பைப் புரட்டி, தேவையான பக்கங்களுக்கு மட்டும் நகல் கேட்பது மலிவு.

11. ஊர் மட்டத்தில்

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தெருவிளக்கு, பொதுக் கிணற்று மோட்டார், குப்பை, மரக்கன்று இவை ஊராட்சியின் கையில் இருக்கும் உமிழ்வு விஷயங்கள். தீர்மானமாக எழுதவைத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். வெளிநாட்டிலும் சென்னையிலும் பாதிக் குடும்பங்கள் இருக்கிற ஊர்களில் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடு. வாக்காளர் பட்டியலில் இருக்கும் ஆச்சிகளை அழைத்துப் போங்கள். அவர்கள் கேட்டால் ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர் பதில் சொல்லாமல் நழுவ முடியாது.

மாவட்ட ஆட்சியரிடம் மனு திங்கட்கிழமை. ரசீது எண் வாங்கிக்கொள்ளுங்கள். மாநகராட்சிக் குப்பைக் கிடங்கில் பழைய குப்பையைப் பிரித்தெடுக்கும் வேலை எந்த அளவில் இருக்கிறது என்பது போன்ற கேள்விகளுக்கு மாநகராட்சி ஆணையர் அலுவலகம்.

12. ஆண்டு முழுக்க எப்போது என்ன பார்ப்பது?

பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில். அதையொட்டி மானியக் கோரிக்கைகளும் கொள்கை விளக்கக் குறிப்புகளும். இந்தச் சில வாரங்கள்தான் உங்களுக்கு அறுவடை; வேறு வேலைகளை ஒதுக்கிவையுங்கள். சட்டமன்றத் தேர்தல் ஆண்டு என்றால் எல்லாம் தள்ளிப்போகும். முதலில் இடைக்கால பட்ஜெட், புதிய அரசு வந்தபின் முழு பட்ஜெட். 2021-ல் அது ஆகஸ்டில்தான் வந்தது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் மாதங்களில் புதிய அறிவிப்புகளை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் தகவல் உரிமை மனுவுக்கு நடத்தை விதி தடையில்லை. "தேர்தல் வேலை" என்று சொல்லித் தள்ளினால் 30 நாள் கணக்கை நினைவூட்டுங்கள்.

சட்டமன்றத்தில் விதி 110-ன்கீழ் முதலமைச்சர் படிக்கும் அறிவிப்புகளுக்கு விவாதம் கிடையாது, பட்ஜெட் புத்தகத்திலும் அந்த ஆண்டு இருக்காது. கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் மாலைச் செய்தியில் அவற்றைப் பிடித்து, தேதியோடு நோட்டில் பென்சிலால் எழுதிவையுங்கள். அரசாணை எண் வந்தபின் பேனா.

செலவு என்று பார்த்தால் வில்லைகள், அஞ்சல், நகல், பேருந்துக் கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் ஒரு துறையைக் கண்காணிக்க ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். நேரம் வாரம் ஒரு மணி, பட்ஜெட் மாதத்தில் அதன் மூன்று மடங்கு. நாலு பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு துறை எடுத்துக்கொள்ளுங்கள். மனுவை மட்டும் ஒரே ஆள் பெயரில் போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே பெயர் அடிக்கடி வந்தால் அலுவலகத்தில் அந்தக் கவரைப் பிரிக்கும்போதே முகம் சுளிப்பார்கள்.